ஈரம் பதினாலு

நெல்லை அரவைக்கு விடுமுன் ஈரம் பார்ப்பார்கள்.
பதினாலு இருக்கணும்.
குறைந்தால் மணி ஒடிந்து நொய்யாகும்,
கூடினால் சாக்குக்குள்ளேயே புழுங்கி நாறும்.
புதுவயலில் இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அமலி தன் ஆல்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தாள்.
ஒன்பது பாட்டு.
ஆறு வருஷம் மில்லில் ஈரம் பார்த்து
நோட்டில் எண் எழுதியவள்,
அதே நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
முன்னோக்கி எழுதிக்கொண்டு வந்தவை.

ஒலிப்பதிவு நான்.
மில்லின் பின்சுவரை ஒட்டி, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மாடியில்
கண்ணாத்தாள் ஆடியோஸ்.
ஆட்டோவில் போகும் நகைக்கடைத் தள்ளுபடி,
குடிதண்ணீர் வராத நாள்,
இறந்தவர் பெயர், வயது, எடுக்கும் நேரம்:
என் மைக் அதுவரை கண்டது இவ்வளவுதான்.
எதிரொலி வராமலிருக்க
உமி அடைத்த சாக்குகளை உத்தரம்வரை அடுக்கினோம்.
அவள் இருமியபோதெல்லாம் நிறுத்தினேன்.
மில்லை நிறுத்த முடியாது.
அதன் உறுமல் எல்லாப் பாட்டுக்கும் அடியில்
நாய் மாதிரி படுத்துக்கிடந்தது.

பிறகு அவர்கள் எழுதினார்கள்.

சென்னையில் ஒருவர்:
'இந்த ஒலியில் பர்மாத் தேக்கின் கதகதப்பு.'
உமிச்சாக்கே, கேட்டாயா.

இன்னொருவர் பதினோரு பக்கம்:
பதினாலு என்பது வனவாசம், பதினாலு என்பது உலகங்கள்,
ஏழும் ஏழும் கூடிய பெண்ணுடல்.
எட்டாம் பக்கத்தில் என் பெயரும் இருந்தது, பிழையாக.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டவர்
குரல் வறண்டிருக்கிறது என்றார்.

போட்டோ எடுக்க வந்தவர்கள்
அவளைக் கானாடுகாத்தானுக்குக் கூட்டிப்போய்
மணிக்கு மூவாயிரம் கொடுத்து ஒரு முகப்பில் நிறுத்தினார்கள்.
உங்கள் வீடு மாதிரி இருக்குமே என்றார்களாம்.
'வெள்ளையடிக்க எங்கப்பா வந்திருக்காரு' என்றாளாம்.
அது அச்சில் வரவில்லை.

மில் முதலாளி வயிரவன் கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.
'நல்லாருக்கும்மா. மில்லு பேரு எங்கயும் வரலையே.'

அந்த இரண்டரையை மட்டும் அவள் கத்தரித்து வைத்துக்கொண்டாள்.
ஏன் என்று கேட்டேன்.
'மத்தவங்க வேற யாரையோ கேட்டிருக்காங்க.
இவரு என்னையக் கேட்டுட்டுத்தான் பிடிக்கலைங்கிறாரு.'

அப்புறம் ஒரு மத்தியானம், லோடு வராத நேரம்,
அந்தத் துண்டைக் கிள்ளிக் கிள்ளி
ஈரமானியின் கிண்ணத்தில் போட்டு மூடினாள்.
மீட்டர் கொஞ்சம் யோசித்தது.
இரண்டு கோடு மட்டும் காட்டியது.
நெல்லுக்குத்தான் அதற்கு வாய் உண்டு.

பாய்லர் சவரிமுத்துவிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.
டீக்கடையில் யார் போனிலோ நாலாவது பாட்டு ஓட,
டம்ளரோடு எழுந்து வந்து
போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார்.
முடிந்ததும் திரும்ப வைக்கச் சொன்னார்.
அந்தப் பாட்டு யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியும்,
சொல்லமாட்டேன்.
மனுஷன் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

'ரெண்டாவது சரணத்துல பெல்ட்டு நழுவுதுடா.'

டீயை வைத்துவிட்டு ஓடினார்.
மூடியைத் திறந்தால் மூணு நூலில் நிற்கிறது பெல்ட்டு.
அறுந்திருந்தால் எதிரே நிற்பவன் முகம் போயிருக்கும்.
எதிரே நிற்பவன் செல்லப்பாண்டி,
அடுத்த மாசம் கல்யாணம்.

அமலியிடம் போய்ச் சொன்னேன்.
'எந்தச் சரணம்?'
ரெண்டாவது.
'அங்க நானும்தான் நழுவுனேன்' என்றாள்,
என்றுவிட்டு
திருவாடானை லாரியின் மூட்டையில் குத்தூசியைச் செருகினாள்.
பத்தொன்பது.
காயப்போட்டுக் கொண்டா என்று திருப்பி அனுப்பினாள்.